வெற்றுக் கட்டம் பூச்சியம் அல்ல

சில மாதங்களுக்கு முன்னர் பெரியவர் ஒருவர் ஒரு மனக்குறையோடு எம்மைக் காண வந்தார். வலிகாமம் வடக்கிலே செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர் அவர். 1990இல் குடும்பத்தோடு ஊரைவிட்டு எழும்பியவர், இன்னும் தமது காணிக்குத் திரும்பவில்லை. நலன்புரி முகாமில் பிறந்த அவரது கடைசி மகள் கணிதத்தில் கெட்டிக்காரி. பல்கலைக்கழகத்தில் புள்ளிவிபரவியல் படித்து முடித்துவிட்டாள். இப்போது கடல் மீன்வளம் பற்றிய ஆய்வொன்றிலே தரவுப் பகுப்பாய்வாளராக அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது.

"கடலிலை கால் நனைக்காத பிள்ளை, மீனை எண்ணப் போறாளாம். கடலுக்குள்ளை கிடக்கிற மீனை ஆர் எண்ணிக் கண்டது? தோட்டக்காரன்ரை பிள்ளைக்கு இது என்ன வேலை?" என்று அவர் கேட்டார்.

அன்று நாம் அவருக்குச் சொன்ன பதில் அரைகுறையானது. அதை முழுமையாகச் சொல்லவே இந்தப் பக்கங்களை எடுத்துக்கொள்கிறோம். அந்தக் கேள்வி அவருடையது மட்டுமல்ல. காணியையும் கிணற்றையும் இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று எண்களோடு வேலை செய்யும் தொழில்களை நாடுகின்றனர். கையில் மண் ஒட்டாத அந்தத் தொழில்கள் எத்தகையவை என்பது பெற்றோருக்கு விளங்குவதில்லை. எமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பத்துப் பிள்ளை இந்த வேலைக்குப் பொருந்தாதவர் அல்லர். அவரைப் போலப் பொருத்தமானவர் அதிகமில்லை. ஏன் அப்படிச் சொல்கிறோம் என்பதை இனிப் பார்ப்போம்.

எண்ண முடியாததை எண்ணுதல்

வயலில் நெல்மணிகளை ஒவ்வொன்றாக எண்ணி விளைச்சல் சொல்வோர் யாருமில்லை. ஒரு சிறு சதுரத்தை அளந்து, அறுத்து, அடித்து, நிறுத்து, அதைக் கொண்டு முழு வயலுக்கும் மதிப்பிடுகிறோம். கடலிலும் நடப்பது இதுவே. ஆனால் வயலுக்கு வரம்பு உண்டு, பயிரும் நின்ற இடத்திலேயே நிற்கும். மீனோ நகரும், கண்ணுக்கும் தெரியாது. ஆகவே மீன்வளத்தைக் கணக்கிடுபவர் பல பக்கத்துச் சாட்சியங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவராகிறார்.

இறங்குதுறையில் ஏறிய மீனின் நிறை ஒரு சாட்சியம். அதைப் பிடிக்கச் செலவான முயற்சி, அதாவது எத்தனை வள்ளம், எத்தனை நாள், எத்தனை வலை என்பது இன்னொன்று. ஆய்வுக் கப்பல்கள் ஆண்டுதோறும் ஒரே முறையில் வலைபோட்டு அறிவது மூன்றாவது. மீனின் நீளமும் வயதும் நான்காவது. மீனின் தலைக்குள்ளே செவிக்கல் என்று ஒன்று உண்டு. குளிர்நாட்டு மீன்களின் செவிக்கல்லை வெட்டி உருப்பெருக்கியில் பார்த்தால், மரத்தின் குறுக்குவெட்டில் உள்ளதுபோல ஆண்டு வளையங்கள் தெரியும். எம்முடையதைப் போன்ற வெப்பக் கடல்களில் அவ்வளையங்கள் அவ்வளவு தெளிவாக அமைவதில்லை. அதனால் 1980ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் டானியல் போலி என்ற அறிஞரும் அவரோடு பணிபுரிந்தோரும், பிலிப்பைன்ஸின் மணிலாவில் இருந்தபடி, மீனின் நீளத்தைக் கொண்டே அதன் வளர்ச்சியைக் கணிக்கும் முறையொன்றை உருவாக்கினர். மாதந்தோறும் ஒரே இன மீனில் சில நூற்றை அளவுகோலில் வைத்து அளந்து எழுதி வந்தால், அது எவ்வளவு வேகமாக வளர்கிறது, எவ்வளவு வேகமாக அழிகிறது என்று மதிப்பிடலாம். வறிய நாடுகளுக்கும் எட்டக்கூடிய வழி இது.

இவ்வளவும் எதற்கு? கேள்வி ஒன்றுதான்: அடுத்த ஆண்டும் பிடிக்கக்கூடியதாக இந்த ஆண்டு எவ்வளவு பிடிக்கலாம்? விதைநெல்லை எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை உண்ணும் வீட்டுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உலக உணவு விவசாய நிறுவனத்தின் கணக்கின்படி, 1974இல் மதிப்பிடப்பட்ட கடல் மீன் கூட்டங்களில் 90 வீதமானவை இவ்வாறு தாங்கக்கூடிய அளவில் இருந்தன. 2021இல் அது 62.3 வீதமாகக் குறைந்தது. உலகம் பல இடங்களில் விதைநெல்லில் கைவைத்துவிட்டது என்பதே இதன் பொருள்.

பகுப்பாய்வாளரின் நாள் பெரும்பாலும் கணினியின் முன் கழிகிறது. அதில் பெரும்பகுதி கணக்குப் போடுவதில் அல்ல, கணக்கைத் துப்புரவு செய்வதில் போகிறது. ஒரே மீன் ஓர் ஊரில் ஒரு பெயரிலும் அடுத்த ஊரில் வேறு பெயரிலும் எழுதப்பட்டிருக்கும். ஒருவர் கிலோவில் எழுதியிருப்பார், இன்னொருவர் றாத்தலில் எழுதியிருப்பார். சில கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். இந்த வெற்றுக் கட்டத்தில்தான் தொழிலின் முதற்பாடம் இருக்கிறது. "போய்ப் பார்த்தோம், ஒன்றும் இல்லை" என்றால் அங்கே பூச்சியம் எழுத வேண்டும். "போகவில்லை, பார்க்கவில்லை" என்றால் கட்டத்தை வெறுமையாகவே விட வேண்டும். பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். கவனமற்ற கையில் வெற்றுக் கட்டம் பூச்சியமாக மாறிவிடும். அப்படி மாறினால், பார்க்கப்படாதது இல்லாததாகிவிடும்.

வற்றும் குளமும் நிறையும் கரப்பும்

இத்தொழிலின் வரலாற்றில் மறக்கக்கூடாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. அது நடந்தது கனடாவின் கிழக்குக் கரையிலுள்ள நியூபவுண்ட்லாந்தில்.

அந்தக் கடலில் கொட் என்ற மீன் ஐந்நூறு ஆண்டுகளாக அகப்பட்டது. உப்பிட்டுக் காயவைத்து ஐரோப்பாவுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அனுப்பினார்கள். கரையோரக் குடியிருப்புகள் அந்த ஒரு மீனை நம்பியே எழுந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், வலையும் குளிரூட்டும் அறையும் ஒன்றாகக் கொண்ட பெரும் இழுவைக் கப்பல்கள் பல நாடுகளிலிருந்தும் வந்தன. 1968இல் மட்டும் அக்கடலில் சுமார் 8 இலட்சம் தொன் கொட் பிடிக்கப்பட்டது. அதன்பின் மீன் விழுந்தது. 1977இல் கனடா தன் கடல் எல்லையை 200 மைலாக விரித்து வெளிநாட்டுக் கப்பல்களைப் பெரும்பாலும் வெளியேற்றியது. இனி மீன் பெருகும் என்று எல்லோரும் நம்பினர். கனடாவின் சொந்த இழுவைக் கப்பல்கள் வந்தன, தொழிற்சாலைகள் எழுந்தன. ஆண்டுதோறும் எவ்வளவு பிடிக்கலாம் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டுச் சொல்ல, அரசு அளவை நிர்ணயித்தது. 1988இல் அந்த அளவு 2 இலட்சத்து 66 ஆயிரம் தொன்.

அக்கணக்கு எதன்மேல் கட்டப்பட்டது? ஆய்வுக் கப்பலின் அளவீடு ஒன்று. இழுவைக் கப்பல்கள் ஒரு மணித்தியாலத்தில் பிடித்த மீனின் அளவு மற்றது. ஆய்வுக் கப்பலின் எண்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கின. இழுவைக் கப்பல்களின் எண்களோ ஒழுங்காக உயர்ந்து சென்றன. பிடி கூடுகிறது, ஆகவே மீன் கூடுகிறது என்று முடிவு செய்தார்கள்.

வன்னியிலும் கிழக்கிலும் குளத்தருகே வாழ்ந்த எமது வாசகர்களுக்கு இதில் உள்ள பிழை உடனே புலப்படும். ஆவணி மாதத்தில் குளம் வற்றுகிறது. பரந்து கிடந்த மீன் எல்லாம் நடுவிலுள்ள குட்டைக்குள் ஒதுங்குகிறது. மாரியில் பத்து முறை கரப்புக் குத்தினாலும் ஒரு மீன் கிடைக்காத இடத்தில், இப்போது ஒவ்வொரு குத்திலும் இரண்டு மூன்று அகப்படும். கரையில் நின்று கரப்பை மட்டும் எண்ணுபவர், "குளத்தில் மீன் பெருத்துவிட்டது" என்று எழுதிக்கொண்டு போவார். குளமோ சாகக் கிடக்கிறது.

நியூபவுண்ட்லாந்தில் நடந்ததும் இதுதான். கொட் மீன் கூட்டமாக ஒதுங்கும் இயல்புடையது. இழுவைக் கப்பல்களிலே எதிரொலிக் கருவி உண்டு. கடைசிக் கூட்டம் எங்கே ஒதுங்கினாலும் அது தேடிப் பிடித்துவிடும். கடல் வெறுமையாகிக்கொண்டிருந்தபோதும் கப்பலின் வலை நிறைந்தே வந்தது.

சிறு படகுகளில் கரையோரம் தொழில் செய்தவர்களின் நிலை வேறு. கோடையில் மீன் கரையை நாடி வரும்போது, ஓரிடத்தில் பொறிவலையைக் கட்டிவிட்டு அவர்கள் காத்திருப்பார்கள். மீனைத் துரத்திப் போகும் வசதி அவர்களுக்கு இல்லை. ஆகவே மீன் குறைந்தபோது அது முதலில் அவர்களுடைய வலையிலேயே தெரிந்தது. பிடி குறைகிறது, வருகின்ற மீனும் சிறுக்கிறது என்று 1980களில் அவர்கள் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். ஒருவரும் கேளாதபோது, 1986இல் அவர்களது சங்கம் மெமோரியல் பல்கலைக்கழக உயிரியலாளர் மூவரைக் கொண்டு அரசின் கணக்கை மீளாய்வு செய்வித்தது. மீன்வளம் மிகையாக மதிப்பிடப்படுகிறது என்று அந்த மூவரும் எழுதினர். அப்போதும் கணக்கு உடனே திருந்தவில்லை.

1989இல் அரசின் விஞ்ஞானிகளே தம் மதிப்பீட்டின் பிழையைக் கண்டுகொண்டார்கள். 1 இலட்சத்து 25 ஆயிரம் தொன்னுக்கு மேல் பிடிக்கலாகாது என்று சொன்னார்கள். ஆனால் தொழிற்சாலைகள் மூடப்படும், வேலைகள் போகும் என்ற அச்சம் எழுந்தது. அரசு 2 இலட்சத்து 35 ஆயிரம் தொன்னுக்கு அனுமதி கொடுத்தது. முதலில் கணக்குப் பிழைத்தது. கணக்குச் சரியாக வந்தபோது அதைக் கேட்கத் துணிவில்லை.

1992 யூலை 2ஆம் திகதி, மீன்பிடி அமைச்சராயிருந்த ஜோன் குறொஸ்பி கொட் மீன்பிடிக்கு முழுத்தடை விதித்தார். இரண்டு வருடத்துக்கு என்று சொல்லப்பட்ட தடை அது. சுமார் 30 ஆயிரம் பேர் தொழில் இழந்தனர். 1991இல் 5 இலட்சத்து 68 ஆயிரமாக இருந்த அம்மாகாணத்தின் சனத்தொகை, 2001இல் 5 இலட்சத்து 13 ஆயிரமாக இறங்கியது. கரையோர ஊர்களில் வீடுகள் பூட்டப்பட்டன. பிள்ளைகள் கனடாவின் வேறு மாகாணங்களுக்குப் போனார்கள். அங்கே குண்டு விழவில்லை, யாரும் துரத்தவில்லை. அவர்களுடைய வலையில் தெரிந்த உண்மை கணக்குக்குள் வராமற் போனதும், அவர்கள் ஊரைவிட்டு எழும்ப ஒரு காரணமாயிற்று.

இரண்டு வருடத் தடை 32 வருடங்கள் நீடித்தது. 1995 முதல் கரையோர மீனவர்களையே பயிற்றி, அவர்கள் கையாலேயே அளந்து பதியும் திட்டமொன்று அங்கே நடைமுறைக்கு வந்தது. பத்து வருடம் முந்தி வந்திருக்க வேண்டிய திட்டம் அது. 2023இல் விஞ்ஞானிகள் 1950களின் பழைய பதிவுகளையும் சேர்த்துக் கணக்கைப் புதிதாக அமைத்தனர். அதனால் ஆபத்து நிலையின் எல்லைக் கோடு கீழே இறங்கியது. அதுவரை ஆபத்து நிலையில் வைக்கப்பட்டிருந்த மீன்வளம் எச்சரிக்கை நிலைக்கு ஏற்றப்பட்டது. 2024 யூனில் தடை நீக்கப்பட்டு, அவ்வாண்டுக்கு 18 ஆயிரம் தொன் அனுமதிக்கப்பட்டது. கடலில் மீன் ஓரிரவில் கூடிவிடவில்லை, மாறியது கோடுதான். அது சரியா, அவசரமா என்று விவாதம் நடந்தது. பெரும் கப்பல்களை மீண்டும் உள்ளே விடுவதைக் கரையோர மீனவர்களின் தொழிற்சங்கம் எதிர்த்தது. ஒரு கோட்டை எங்கே கீறுவது என்ற முடிவில் எத்தனை பேரின் உலை கொதிக்கிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

மிகையாக எழுதும் கையும் உண்டு

கணக்குப் பிழைப்பது அறியாமையால் மட்டுமல்ல. 2001இல் றெக் வற்சன் என்பவரும் மேலே சொன்ன டானியல் போலியும் உலக மீன்பிடிப் புள்ளிவிபரங்களை ஆராய்ந்தார்கள். சீனா அறிவித்த பிடி, அந்தக் கடலால் தரக்கூடிய அளவைவிட மிக அதிகமாக இருந்ததைக் கண்டார்கள். உற்பத்தி கூடினால் அதிகாரிக்குப் பதவி உயர்வு என்ற ஒழுங்கு அங்கே இருந்தது. கீழே இருப்பவர் கொஞ்சம் கூட்டி எழுத, மேலே இருப்பவர் இன்னும் கொஞ்சம் கூட்டினார். அந்த மிகையைக் கழித்துப் பார்த்தபோது, உலகப் பிடி கூடிக்கொண்டு வருகிறது என்ற நம்பிக்கை உடைந்தது. 1980களின் பிற்பகுதியிலிருந்தே அது குறைந்துகொண்டு வந்தது தெரியவந்தது.

மேலிடத்துக்கு நல்ல செய்தி மட்டும் போகும் பாதையை எம்மவர் அறியாதவர்கள் அல்லர். "மீள்குடியேற்றம் பூர்த்தி" என்ற அறிக்கையில் தமது குடும்பமும் பூர்த்தியாகிவிட்டதை முகாமில் இருந்தபடியே வாசித்தவர்கள் எம்மிடையே உண்டு.

எமது கரையின் வெற்றுக் கட்டங்கள்

இனி எமது கரைக்கு வருவோம். வலிகாமம் வடக்கின் தோட்டக்காரர் எழும்பிய அதே 1990இல் மயிலிட்டிக் கடற்றொழிலாளரும் எழும்பினர். நாட்டின் பெயர்பெற்ற மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று மயிலிட்டி. அது 2017 யூலையில்தான் விடுவிக்கப்பட்டது. இந்த 27 வருடங்களில் மயிலிட்டியில் ஏறிய மீன் எவ்வளவு என்று கேட்டால், ஒருவர் வரிசையாகப் பூச்சியம் போடலாம். அந்தப் பூச்சியங்களைக் கணினியிடம் கொடுத்தால், மயிலிட்டிக் கடலில் மீன் அற்றுப்போய்விட்டது என்று அது சொல்லும். மீன் இருந்தது, பிடிக்க ஆள்தான் இல்லை.

வடக்கின் ஏனைய கரைகளிலும் போர்க்காலத்தில் பாஸ் நடைமுறை இருந்தது. கடலுக்குப் போகும் நேரம், தூரம், இயந்திரத்தின் வலு எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு இருந்தது. அந்த வருடங்களின் பிடி கடலின் வளத்தைக் காட்டுவதல்ல, சோதனைச் சாவடியின் நேரத்தைக் காட்டுவது. இதை அறியாத ஒருவர் போர்க்கால எண்ணைப் போருக்குப் பிந்திய எண்ணோடு ஒப்பிட்டு, "2009க்குப் பின் மீன்வளம் பெருகிவிட்டது" என்று எழுதலாம். பெருகியது மீனா, கடலுக்குப் போன நாட்களா? மறுபுறத்திலே, பாக்கு நீரிணையின் எமது பக்கத்திலிருந்து தமிழகத்து இழுவைப் படகுகள் அள்ளும் மீன் எமது இறங்குதுறையில் ஏறுவதில்லை, எமது கணக்கிலும் வருவதில்லை. கடலிலிருந்து மட்டும் அது போய்விடுகிறது.

பதிவில்லாமையின் விலையை இந்நாடு ஒருமுறை கொடுத்தும் இருக்கிறது. ஆழ்கடல் படகுகளைக் கண்காணிக்கும் ஒழுங்குகள் போதாதென்று, ஐரோப்பிய ஒன்றியம் 2014 ஒக்டோபரில் இலங்கை மீனுக்குத் தடையை அறிவித்தது. 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அந்தத் தடை, படகுகளுக்குச் செய்மதிக் கருவி பூட்டி, பதிவேட்டு முறையைத் திருத்திய பின்னரே 2016இல் நீங்கியது. படகில் எழுதாத கொப்பி ஒரு நாட்டின் சந்தையையே அடைத்தது.

இவ்விடத்திலே கமக்காரர் ஒருவர் தமது காணியை நினைக்காமல் இருக்க முடியாது. இருபது, முப்பது வருடம் கால் படாத தோட்டம் வானிலிருந்து எடுத்த படத்தில் காடாகத் தெரியும். படத்தைப் பார்ப்பவர் "காடு" என்று எழுதுவார். அந்தப் பற்றைக்குள்ளே கிணற்றுக்கட்டு இருப்பதும், வாய்க்கால் ஓடுவதும், வேலியில் நட்ட கிளுவை மரமாகி நிற்பதும் படத்தில் தெரியாது. "பயிரிடப்பட்ட பரப்பு: பூச்சியம்" என்ற பதிவு மண்ணின் குற்றமா, உழவனின் சோம்பலா? இரண்டும் இல்லை. அது வெற்றுக் கட்டம். அதைப் பூச்சியமாக எழுதியதனால் எத்தனை குடும்பங்கள் தம் காணியைத் தம்முடையதென்று நிறுவ அலைகின்றன என்பதை எமது வாசகர்கள் அறிவார்கள்.

ஆகவேதான் பெரியவரின் மகளை இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானவள் என்கிறோம். கணிதத்தை எந்தக் கெட்டிக்காரப் பிள்ளையும் கற்கலாம். ஒரு பூச்சியத்தைக் கண்டதும், "அங்கே ஒன்றும் இல்லையா, அல்லது அங்கே ஒருவரும் போகவிடப்படவில்லையா?" என்று கேட்கும் மனம் பாடப்புத்தகத்தால் வருவதில்லை. நிவாரண அட்டையில் பெயர் விடுபட்ட வீட்டுப் பிள்ளைக்கு அந்தக் கேள்வி தானாக எழும்.

பழைய அளவை மறவாதிருத்தல்

இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அனுபவம் போதும், கணக்கு எதற்கு என்று சிலர் கேட்பர். அதை நாம் ஏற்கவில்லை. நியூபவுண்ட்லாந்தின் கரையோர மீனவர் சொன்னது சரிதான். ஆனால் ஒருவருக்குத் தெரிவது அவரது குடாவும் அவரது காலமும் மட்டுமே. 1995இல் டானியல் போலி ஓர் எச்சரிக்கை எழுதினார். ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்டதையே கடலின் இயல்பான அளவாகக் கொள்கிறது. தந்தை காலத்தில் பெருமீன் இருந்தது மகனுக்குத் தெரியாது. மகன் கண்ட நடுத்தர மீன் பேரனுக்கு அதிசயமாகிவிடும். இப்படியே அளவுகோல் சிறுத்துச் சிறுத்து, இழந்தது இன்னதென்று ஒருவருக்கும் தெரியாமற் போகும்.

முகாமில் பிறந்த பிள்ளைக்கு முகாமே ஊர். ஒரு பரப்புத் தோட்டத்தில் எத்தனை அந்தர் வெங்காயம் கிண்டினோம், மாரியில் கிணற்று நீர் எத்தனையாம் படியில் நின்றது, தண்ணீர் நன்னீரா சவரா என்பதெல்லாம் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. எழுதாவிட்டால் அவர்களோடு அதுவும் போய்விடும். பழைய பதிவுகளைத் தேடிச் சேர்ப்பதும் பகுப்பாய்வாளரின் பெரும் பணிகளில் ஒன்று. ரான்சம் மையேர்ஸ் என்ற அறிஞர் கொட் மீனின் வீழ்ச்சிக்கு மிகைமீன்பிடியே காரணமென்று சக ஆய்வாளரோடு சேர்ந்து 1990களில் நிறுவியவர். உலகெங்கும் அலமாரிகளில் கிடந்த நூற்றுக்கணக்கான மீன் கூட்டங்களின் பதிவுகளை ஒன்றாகத் திரட்டியவரும் அவரே. 2007இல் அவர் மறைந்தார். அத்திரட்டின் தொடர்ச்சி இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. பழைய கொப்பிகளின் பெறுமதியை அறிந்தவர் அவர்.

நாம் செய்யக்கூடியவை

முதலில் பிள்ளைகளுக்கு. உயர்தரத்தில் கணிதமோ உயிரியலோ கற்கும் பிள்ளைகள் இத்துறையை எண்ணிப் பார்க்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் றுகுணு பல்கலைக்கழகத்திலும் மீன்பிடியியல் கற்பிக்கப்படுகிறது. நாறா என்று அழைக்கப்படும் தேசிய நீர்வாழ் உயிரின வள ஆராய்ச்சி நிறுவனம் இத்துறை ஆய்வுக்கென்றே இருப்பது. புள்ளிவிபரம் கற்றவர் மீனைப் பற்றிப் பின்னர் படித்துக்கொள்ளலாம். பணமில்லை என்பது இதில் பெரும் தடையல்ல. உலகெங்கும் இத்துறையினர் பயன்படுத்தும் 'ஆர்' என்ற கணினி மொழியை நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் றொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்ரில்மன் என்ற இருவர் 1990களில் உருவாக்கி, எவரும் இலவசமாகப் பெறும்படி விட்டனர். பழைய கணினி ஒன்றும் பொறுமையும் இருந்தால் தொடங்கலாம். ஆனால் ஒன்றை மறக்கலாகாது. வாரத்தில் ஒரு நாளேனும் இறங்குதுறைக்குப் போய், வலை தெரிந்தெடுப்பவர்களோடு இருந்து, கதை கேட்க வேண்டும். கதிரையை விட்டு எழாத பகுப்பாய்வாளர், கரையில் நின்று கரப்பை எண்ணுபவராகவே முடிவார்.

அடுத்தது பெற்றோருக்கு. ஒரு கொப்பி வாங்குங்கள். விட்டுவந்த காணியின் பரப்பு, எல்லை, கிணறு, மரங்கள், செய்த பயிர், எடுத்த விளைச்சல் ஆகியவற்றை நினைவுள்ள மட்டும் எழுதுங்கள். இப்போது குத்தகைக்குச் செய்யும் துண்டுக்கும் போகத்துக்குப் போகம் எழுதுங்கள். விதைத்த திகதி, மழை, செலவு, விற்ற விலை எல்லாவற்றையும் எழுதுங்கள். பயிர் அழிந்தால் "அழிந்தது" என்று எழுதுங்கள். விதைக்க விடப்படவில்லை என்றால் "விதைக்க விடப்படவில்லை" என்றே எழுதுங்கள். பூச்சியம் போட்டுவிடாதீர்கள். எழுத முடியாதவர்களுக்குப் பிள்ளைகள் எழுதட்டும்.

மூன்றாவது எல்லோருக்கும். எவர் ஓர் எண்ணைக் கொண்டுவந்து உங்கள் முன் வைத்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இதை எண்ணியது யார்? எதை எண்ணினார், எதை விட்டார்? இந்த எண் கூடினால் யாருக்கு நன்மை? இப்படிக் கேட்பது படித்தவரை அவமதிப்பதாகாது. நல்ல பகுப்பாய்வாளர் இக்கேள்விகளைத் தம்மிடமே கேட்டுக்கொள்பவர்.

கேள்வி கேட்ட பெரியவர் அண்மையில் மீண்டும் வந்தார். மகள் வேலையில் சேர்ந்துவிட்டாளாம். முதல் மாதத்தில் செய்தது என்னவென்று கேட்டாராம். பழைய பதிவேடுகளில் பிழையாகப் பூச்சியம் போட்டிருந்த கட்டங்களை ஒவ்வொன்றாக அழித்து வெறுமையாக்கிக் கொண்டிருப்பதாகச் சொன்னாளாம். "அழிக்கிறதுக்கோ சம்பளம்?" என்று அவர் எம்மிடம் சிரித்தார். பிறகு சற்றுப் பேசாதிருந்துவிட்டு, "எங்கடை காணிக்கும் ஆரேன் அப்பிடி ஒருக்கால் அழிச்சு எழுதினால் நல்லது" என்றார்.

அவர் போகும்போது எம்மிடமிருந்து ஒரு கொப்பி வாங்கிக்கொண்டு போனார்.